புராஸ்டேட் புற்றுநோயும் ஈஆர்ஜி புரதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் பயாப்ஸி அறிக்கைகளின் கடைசிப் பகுதியில் சில சமயம் 'ஈஆர்ஜி பாசிட்டிவ்' அல்லது 'ஈஆர்ஜி நெகட்டிவ்' என்று ஒரு வரி இருக்கும். டாக்டர் பெரும்பாலும் அதை விளக்கமாட்டார், புற்று செல்களின் தோற்றத்தை வைத்து நோயின் தீவிரத்தை மதிப்பிடும் கிளீசன் ஸ்கோரைப் பற்றித்தான் பேசுவார். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வரி உறுத்த ஆரம்பிக்கும். அதைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

'ஈஆர்ஜி பாசிட்டிவ்' என்றால் என்ன அர்த்தம்?

எடுத்த திசுவில் உள்ள சுரப்பி செல்களின் உட்கருவுக்குள் ஈஆர்ஜி என்ற புரதம் இருக்கிறது என்று அர்த்தம். ஆரோக்கியமான புராஸ்டேட் சுரப்பி செல்கள் இந்தப் புரதத்தைத் தயாரிப்பதில்லை. அங்கே அது தென்பட்டால், அந்த செல்லில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த ஒட்டுதல் புராஸ்டேட் புற்றுநோயிலும் அதற்கு முந்தைய சில மாற்றங்களிலும்தான் நடக்கிறது.

ஆனால் நோய் எவ்வளவு முற்றியது, எவ்வளவு வேகமானது என்பதை இந்த வரி சொல்லாது. அதற்குக் கிளீசன் ஸ்கோர், ரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவு, நோய் பரவிய நிலை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மரபணு இணைவு எப்படி நடக்கிறது?

21-ஆம் குரோமோசோமில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தூரம். முதலாவது புராஸ்டேட்டில் எப்போதும் சுறுசுறுப்பாக இருக்கும். ஆண் ஹார்மோன்களான ஆன்ட்ரோஜன்கள் வந்து தட்டினால் அது வேலை செய்யத் தொடங்கும். இரண்டாவது மற்ற மரபணுக்களை இயக்கும் புரதத்தைத் தயாரிப்பது. புராஸ்டேட் சுரப்பி செல்லில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

டிஎன்ஏ இரண்டு இடத்தில் உடைந்து, இடையில் இருந்த துண்டு கழன்று போய், முனைகள் தவறாக ஒட்டிக்கொண்டால், டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வின் முன்பகுதி நேராக ஈஆர்ஜியின் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்து வீட்டு மீட்டரில் இருந்து திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்த கதைதான். இனி ஆன்ட்ரோஜன் வரும்போதெல்லாம் ஈஆர்ஜியும் ஓடும். நடுத்துண்டு முழுதாகத் தொலைந்து போவதே பெரும்பாலும் நடக்கிறது. சிலரில் அது தொலையாமல் வேறு இடத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது.

உடைப்பு ஏன் அங்கேயே நடக்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ஆன்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யும்போது, தொலைவில் இருக்கும் இந்த இரண்டு மரபணுக்களும் உட்கருவுக்குள் அருகருகே வந்துவிடுகின்றன என்று 2009-இல் ஆய்வுகள் காட்டின. அருகில் இருக்கும் நேரத்தில் இரண்டும் உடைந்தால், தவறாக ஒட்டுவது சுலபம்.

இதை யார் கண்டுபிடித்தது?

2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழு. அப்போது மாணவராக இருந்த ஸ்காட் டாம்லின்ஸ் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர்.

அவர்கள் போன வழி அழகானது. அதுவரை மரபணு இணைவு என்றாலே ரத்தப் புற்றுநோயும் எலும்பு, தசைப் புற்றுநோய்களும்தான் நினைவுக்கு வரும். நாட்பட்ட மைலாய்டு லுகீமியாவின் பிலடெல்பியா குரோமோசோமை 1960-லேயே பார்த்துவிட்டார்கள். புராஸ்டேட், மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் இது முக்கியமாக இருக்காது என்பதே பொதுவான எண்ணம். குரோமோசோம்கள் அங்கே அவ்வளவு குழம்பிக் கிடந்ததால் யாரும் தீவிரமாகத் தேடவும் இல்லை.

மிச்சிகன் குழு குரோமோசோமைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு வேலை செய்கிறது என்ற எண்களைப் பார்த்தது. எந்த மரபணு எல்லா நோயாளிகளிலும் சராசரியாகக் கூடியிருக்கிறது என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அவர்கள் அதை மாற்றி, சில நோயாளிகளில் மட்டும் உச்சிக்குப் போயிருக்கும் மரபணு எது என்று தேடினார்கள். பாதிப் பேரில் பல மடங்கு கூடி, மீதிப் பேரில் அசையாமல் இருக்கும் ஒன்றின் வீச்சு சராசரியில் கரைந்துவிடும் அல்லவா? அப்படித் தேடியதில் ஈஆர்ஜி, ஈடிவி1 என்ற இரண்டு பெயர்கள் மேலே வந்தன. ஒன்று கூடியிருந்த நோயாளியில் மற்றது கூடியிருக்கவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்து மரபணுக்கள். அப்புறம் அவற்றின் முன்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது என்று படித்துப் பார்த்தபோது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 வெளிப்பட்டது.

அப்படியானால் இரண்டு புரதங்கள் ஒட்டிய ஒரு கலப்புப் புரதம் உருவாகிறதா?

பெரும்பாலும் இல்லை. மருத்துவ மாணவர்களே இங்கே தடுக்கி விழுவதுண்டு.

மைலாய்டு லுகீமியாவில் பிசிஆர், ஏபிஎல் என்ற இரண்டு மரபணுக்களின் பாகமும் சேர்ந்த உண்மையான கலப்புப் புரதம் உருவாகிறது. அதைக் குறிவைத்துத்தான் இமாட்டினிப் மாத்திரை வந்தது. புராஸ்டேட்டில் நிலைமை வேறு. மிகச் சாதாரணமாகக் காணும் இணைவில், டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வின் முதல் எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) ஈஆர்ஜியின் நான்காவது எக்ஸானோடு ஒட்டுகிறது. அந்த முதல் எக்ஸானில் புரதத்துக்கான செய்தியே கிடையாது. எனவே உருவாவது தலைப்பக்கம் கொஞ்சம் நறுக்கப்பட்ட ஈஆர்ஜி மட்டுமே. முப்பது, நாற்பது அமினோ அமிலங்கள் குறைந்திருக்கும், டிஎன்ஏவைப் பிடிக்கும் வால்பகுதி அப்படியே இருக்கும். வேறு சில வகை இணைவுகளில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வில் இருந்து சில அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு, அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு இதனால் என்ன என்றால், இணைப்பு இடத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி செய்வதற்கு அந்தப் புரதத்தில் பெரும்பாலும் இணைப்பு இடமே இல்லை. ஆய்வகம் தேடுவது சாதாரண ஈஆர்ஜி புரதத்தைத்தான். இருக்கக் கூடாத இடத்தில் அது இருக்கிறது என்பதை வைத்தே இணைவு நடந்திருப்பதை ஊகிக்கிறார்கள்.

அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சாயமேற்றும் முறையில். பயாப்ஸியில் எடுத்த நூல் போன்ற திசுவை மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, ஈஆர்ஜியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அது ஒட்டிய இடம் பழுப்பாக மாறும், மற்ற உட்கருக்கள் நீலமாக நிற்கும். ஈபிஆர்3864, 9எஃப்ஒய் ஆகிய இரண்டும் அதிகம் புழங்கும் ஆன்டிபாடிகள்.

தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் நோயியல் மருத்துவர் முதலில் பார்ப்பது சுரப்பியை அல்ல, ரத்த நாளத்தை. நாளங்களின் உட்சுவர் செல்களில் ஈஆர்ஜி இயல்பாகவே உண்டு. சுரப்பிகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய தந்துகிகளில், தட்டையாக நீண்ட உட்கருக்கள் பழுப்பாகத் தெரிந்தால் சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறது. அவையும் நீலமாக இருந்தால் சோதனையே தோல்வி, அந்தத் தகட்டில் 'நெகட்டிவ்' என்று எழுத முடியாது. இதற்குப் பிறகுதான் சுரப்பிக்குப் பார்வை போகும். ஒரே பார்வைப் பரப்பில் ஒரு பக்கம் பெரிய, மடிப்பு மடிப்பான, நீல உட்கரு கொண்ட இயல்பான சுரப்பிகள். அவற்றுக்கு இடையில் நுழைந்தாற்போல் சின்னச் சின்ன வட்டச் சுரப்பிகள், அவற்றின் உட்கருக்கள் எல்லாம் அடர் பழுப்பு. இப்படித் தெரிந்தால் பெரிய விவாதம் தேவைப்படாது. லிம்போசைட் என்ற வெள்ளை ரத்த அணுக்கள் சிலவும் லேசாகச் சாயம் பிடிக்கும். அதைச் சுரப்பி செல் என்று எண்ணிவிடக் கூடாது.

டிஎன்ஏவையே நேராகப் பார்க்கும் ஃபிஷ் சோதனை இன்னும் நல்லது அல்லவா?

உடைப்பை நேரில் காட்டுவது அதுதான். ஆனால் செலவும் நேரமும் அதிகம், ஒளிரும் புள்ளிகளை எண்ண வேண்டும். ஆன்டிபாடிச் சோதனையை அதோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் சுமார் 95 சதவீதம் ஒத்துப்போயின. அன்றாட வேலைக்கு ஆன்டிபாடி போதும்.

பிஎஸ்ஏ போல ஈஆர்ஜியையும் ரத்தத்தில் அளக்க முடியாதா?

அடிக்கடி வரும், நியாயமான கேள்வி. பிஎஸ்ஏவும் ஒரு புரதம்தானே?

பிஎஸ்ஏ வெளியே சுரக்கப்படுவதற்காகவே தயாராகும் புரதம். விந்துத் திரவத்தில் போய்ச் சேர வேண்டியது, கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது. ஈஆர்ஜி உட்கருவுக்குள் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செல் சிதைந்தால்தான் வெளியே வரும், அதுவும் மிகச் சொற்பமாக. அப்படியே ரத்தத்தில் கண்டுபிடித்தாலும், அது புராஸ்டேட்டில் இருந்து வந்ததா, உடம்பு முழுக்க ஓடும் நாளங்களின் உட்சுவரில் இருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது?

இருந்தும் இந்தத் தேடலுக்குக் காரணம் பிஎஸ்ஏவின் குறைகள்தான். புராஸ்டேட் வீக்கத்திலும் தொற்றிலும் வயதிலும் பிஎஸ்ஏ ஏறும். அதாவது அது புராஸ்டேட்டின் குறியீடு, புற்றுநோயின் குறியீடு அல்ல. மறுபக்கம், 4 (மில்லிலிட்டருக்கு நானோகிராம்) என்ற வழக்கமான எல்லைக்குள் இருந்தால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2004-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பிஎஸ்ஏ 4-ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. புற்றுநோய் செல்லில் மட்டும் நடக்கும் ஒன்றைக் குறியீடாக்க வேண்டும் என்ற ஆசை இப்படித்தான் பிறந்தது.

சிறுநீரில்?

சிறுநீரில் முடிகிறது, ஆனால் அங்கே அளப்பது பெரும்பாலும் புரதத்தை அல்ல, மரபணுவில் இருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவை. ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைச் சற்று அழுத்திய பிறகு பிடிக்கும் முதல் சிறுநீரில் சில புராஸ்டேட் செல்கள் உதிர்ந்து வரும். அவற்றில் இணைவு மரபணுவின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆர்என்ஏவை லட்சக்கணக்கில் பெருக்கிப் பார்க்க முடியும் என்பது இதன் பெரிய வசதி. புரதத்தைப் பெருக்க வழியில்லை.

மிச்சிகனில் உருவான மிப்ஸ் என்ற சோதனை இந்த இணைவின் ஆர்என்ஏவையும், பிசிஏ3 என்ற மற்றொரு ஆர்என்ஏவையும், ரத்த பிஎஸ்ஏவையும் சேர்த்து ஒரு மதிப்பெண் தருகிறது. அதன் வழிவந்த 18 மரபணுச் சோதனை 2024-இல் வெளியானது. எக்ஸோடிஎக்ஸ் என்ற மற்றொன்று, சிறுநீரில் மிதக்கும் எக்ஸோசோம் என்ற நுண்பைகளுக்குள் ஈஆர்ஜி உட்பட 3 மரபணுக்களின் ஆர்என்ஏவைப் பார்க்கிறது. அதற்கு விரல் பரிசோதனை தேவையில்லை. இவை எல்லாமே பயாப்ஸி தேவையா இல்லையா என்று முடிவெடுக்க உதவுபவை. பயாப்ஸிக்கு மாற்று அல்ல.

புரதத்தையே நேராக அளக்கும் முயற்சியும் நடந்தது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தினர் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வழியாக, புரதத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஈஆர்ஜிக்கே உரிய துண்டுகளை எடை வைத்துப் பிரித்தறிந்தார்கள். இந்த முறையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கையாகவே சொல்லலாம், ஆன்டிபாடியின் தரத்தை நம்பியிருக்கவும் வேண்டாம். என் கணிப்பில் ஆராய்ச்சிக்கு இது அருமையான கருவி. ஆனால் பழுப்புச் சாயம் ஒரே நாளில் முடித்துவிடும் வேலைக்கு எந்த மருத்துவமனையும் இதை வைத்துக்கொள்ளப் போவதில்லை.

எத்தனை பேரில் ஈஆர்ஜி பாசிட்டிவாக இருக்கும்?

ஐரோப்பிய வம்சாவளியினரின் புராஸ்டேட் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் அதைவிடக் குறைவு, கிழக்கு ஆசியர்களில் இன்னும் குறைவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஈடிவி1, ஈடிவி4, ஈடிவி5 ஆகியவை இணைவது சில சதவீதம் பேரில் நடக்கும். அவற்றை ஈஆர்ஜி சாயம் காட்டாது.

ஈஆர்ஜி நெகட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. பாதிப் புற்றுநோய்கள் நெகட்டிவ்தான். பாசிட்டிவ் வந்தால் கனமான சாட்சி, நெகட்டிவ் வந்தால் சாட்சியே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

அப்படியானால் இந்தச் சோதனையால் என்ன லாபம்?

பெரும்பாலான பயாப்ஸிகளில் சாதாரணச் சாயத்திலேயே விஷயம் முடிந்துவிடும். சிக்கல் வருவது, சந்தேகத்துக்குரிய சுரப்பிகள் நாலைந்து மட்டும் கிடைக்கும்போது. அப்போது முதலில் பார்ப்பது அடித்தள செல்களை. இயல்பான சுரப்பியைச் சுற்றி இந்த செல் வரிசை இருக்கும், புற்றுநோயில் இருக்காது. பி63 போன்ற ஆன்டிபாடிகள் இதைக் காட்டும். கூடவே புற்றுநோயில் அதிகமாகும் அமாகர் என்ற நொதியையும் பார்ப்பார்கள். ஆனால் இவை இரண்டுமே ஏமாற்றும். நலிந்துபோன சுரப்பியிலும் அடித்தள வரிசை விட்டு விட்டு இருக்கலாம். தீங்கற்ற சில மாற்றங்களிலும் அமாகர் ஏறும். அப்படி இழுபறியில் நிற்கும்போது அந்தச் சின்னச் சுரப்பிகளின் உட்கரு பழுப்பாக இருந்தால் தராசு ஒரு பக்கம் நன்றாகச் சாயும்.

வேறு எங்கோ, எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ ஒரு புற்றுநோய் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோதும் இது கைகொடுக்கும். ஒரே நிபந்தனை: ஈஆர்ஜி புரதம் ரத்த நாளக் கட்டிகளிலும், யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயில் ஒரு சிறு பகுதியிலும் இருக்கும். அதனால் செல்லின் தோற்றத்தையும், என்கேஎக்ஸ்3.1 போன்ற மற்றப் புராஸ்டேட் குறியீடுகளையும் சேர்த்தே முடிவு சொல்வார்கள்.

ஒரு துண்டில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ். ஆய்வகம் தவறு செய்துவிட்டதா?

இல்லை. புராஸ்டேட்டில் ஒரே நேரத்தில் தனித்தனியாக இரண்டு மூன்று புற்றுநோய்கள் முளைப்பது சாதாரணம். ஒன்றில் இணைவு நடந்திருக்கும், அடுத்ததில் நடந்திருக்காது. ஒரே கட்டிக்குள் பார்த்தால் பெரும்பாலும் எல்லா செல்களும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் இப்படி முரண்பட்ட முடிவு, அவை வேறு வேறு இடத்தில் முளைத்தவை என்பதற்கான துப்பு.

புற்றுநோய் இல்லை, 'ஹை கிரேட் பின்' மட்டும் இருக்கிறது, அதில் ஈஆர்ஜி பாசிட்டிவ் என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

கவனமாக இருக்க வேண்டும். இந்தப் 'பின்' என்பது சுரப்பியின் சுவருக்குள்ளேயே நிற்கும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம். அதில் ஒரு சிறு பங்கில்தான் ஈஆர்ஜி இருக்கும். அப்படி இருந்து, பக்கத்தில் புற்றுநோயும் இருந்தால், அந்தப் புற்றுநோயும் அநேகமாக ஈஆர்ஜி பாசிட்டிவாகவே இருக்கும். பாசிட்டிவ் 'பின்' உள்ளவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் தென்படும் வாய்ப்பு கூடுதல் என்று ஒரு பெரிய ஆய்வு சொன்னது. எல்லா ஆய்வுகளும் அதை ஆமோதிக்கவில்லை. பிஎஸ்ஏ போக்கு, எம்ஆர்ஐ இரண்டையும் வைத்து மறுபடி பயாப்ஸி தேவையா என்று உங்கள் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரோடு பேசுங்கள்.

ஈஆர்ஜி பாசிட்டிவ் புற்றுநோய் கொடியதா?

ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். சிகிச்சை தராமல் கண்காணித்து வந்த ஸ்வீடன் நோயாளிகளில், இணைவு இருந்தவர்கள் நோயால் இறப்பது அதிகம் என்று 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு 2012-இல், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், நோய் திரும்புவதிலும் இறப்பிலும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் வெவ்வேறு வகை நோயாளிகள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்றைய நிலையில் ஈஆர்ஜியை மட்டும் வைத்து யாரும் சிகிச்சையைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை.

எலிகளில் கிடைத்த தகவல் இன்னும் தெளிவானது. புராஸ்டேட்டில் ஈஆர்ஜியை மட்டும் ஓடவிட்டால் முழுப் புற்றுநோய் வரவில்லை. கூடவே பிடென் என்ற காவல் மரபணுவும் போனால் வந்தது. மனிதர்களிலும் பிடென் இழப்புதான் மோசமான போக்கோடு உறுதியாகச் சேர்ந்து வருகிறது. உங்கள் அறிக்கையில் பிடென் பற்றி வரி இருந்தால், ஈஆர்ஜி வரியைவிட அதை முதலில் கேளுங்கள்.

இதற்கென்று தனி மருந்து உண்டா?

இல்லை. ஈஆர்ஜி போன்ற புரதத்தில் மருந்து போய் உட்காரச் சரியான பள்ளம் அமைவது கடினம். டிஎன்ஏ பழுதை நீக்கும் பார்ப் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகள் ஈஆர்ஜி உள்ள செல்களில் நன்றாக வேலை செய்கின்றன என்று 2011-இல் ஆய்வகத்தில் தெரிந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. நோயாளிகளில் சோதித்து 2018-இல் முடிவு வந்தபோது, இணைவு இருப்பதும் இல்லாததும் மருந்தின் பலனைக் கணிக்கவில்லை. அந்த வகை மருந்தான ஒலாபாரிப் 2020-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது, ஆனால் பிஆர்சிஏ போன்ற டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணுக்களில் கோளாறு உள்ளவர்களுக்காக.

முதலில் பாசிட்டிவாக இருந்தது, ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு நெகட்டிவ் ஆகிவிட்டது. இணைவு போய்விட்டதா?

டிஎன்ஏவில் ஒட்டியது ஒட்டியதுதான், போகாது. ஆன்ட்ரோஜன் வந்தால்தான் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 ஓடும் என்று மேலே பார்த்தோம். சிகிச்சையால் ஆன்ட்ரோஜன் வற்றினால் புரதமும் வற்றலாம். சிறுசெல் புற்றுநோயாக மாறிய புராஸ்டேட் கட்டிகளிலும் இதைப் பார்க்கலாம். அங்கே ஆன்ட்ரோஜன் பாதையே செயலிழந்திருப்பதால் ஆன்டிபாடி நெகட்டிவ் காட்டும், ஃபிஷ் சோதனை பாசிட்டிவ் காட்டும். நுரையீரலில் இருந்து பரவிய சிறுசெல் புற்றுநோயா, புராஸ்டேட்டில் இருந்து வந்ததா என்று குழம்பும் இடத்தில் அந்த ஃபிஷ் முடிவு மிகவும் உதவும்.

என் பிள்ளைகளுக்கு வருமா?

இந்த இணைவு வராது. இது பிறவியில் இருப்பதல்ல, வாழ்நாளில் புராஸ்டேட் செல் ஒன்றில் நடந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் குடும்ப வழி உண்டு, ஆனால் அது பிஆர்சிஏ2, ஹாக்ஸ்பி13 போன்ற மரபணுக்கள் வழியாக. குடும்பத்தில் பலருக்கு நோய் இருந்தால் கேட்க வேண்டிய சோதனை அதுதான்.

கோவிட் செய்திகளில் வந்த டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வும் இதுவும் ஒன்றா?

அதேதான். கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் நொதி அது. புராஸ்டேட் இணைவுக்கும் தொற்றுக்கும் தொடர்பில்லை. இங்கே அந்த மரபணுவின் ஸ்விட்ச் மட்டும்தான் களவு போகிறது.

என் அறிக்கையில் ஈஆர்ஜி பற்றி எதுவும் இல்லை. கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டுமா?

புற்றுநோய் என்று தெளிவாக எழுதியிருந்தால் வேண்டாம். அதனால் சிகிச்சையில் எதுவும் மாறாது. 'சந்தேகத்துக்குரிய சுரப்பிகள், உறுதி சொல்ல இயலவில்லை' என்ற மாதிரி எழுதியிருந்தால் கேட்கலாம். மெழுகுக் கட்டியை ஆய்வகம் பத்திரமாக வைத்திருக்கும். அதில் இருந்து இன்னொரு சீவல் எடுத்தாலே போதும், மறுபடி ஊசி தேவையில்லை. ஆனால் அந்தச் சில சுரப்பிகள் அடுத்த சீவலில் தீர்ந்துபோயிருக்கவும் கூடும். அதனால் முதலில் சாயமேற்றிய தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் சேர்த்து, புராஸ்டேட்டில் அனுபவமுள்ள ஒரு நோயியல் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சாயம் தேவை என்பதை அவர் முடிவு செய்யட்டும்.